ஒன்பது பேரும் சிவப்பு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

வாயாடி எழுதுகிறேன். நானும் சித்தியும் சுகம். உன் இருமல் நின்றதா? குளிர்க் கிடங்குக்குள் போகும்போது காதை மூடிக்கொள்கிறாயா? போனில் நீ இதையெல்லாம் சொன்னால் நான் "ம்" மட்டும்தான் சொல்வேன் என்று உனக்குத் தெரியும். அதனால் வழக்கம்போலக் கடிதம்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. "வாயே திறக்க வேண்டாத வேலை ஏதாவது இருந்தா சொல்லுங்க, எங்க பொண்ணு பிரமாதமா செய்வா" என்று சித்தி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தாள். அப்படிக் கிடைத்தது. கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஒரு பெரிய அறை, இரண்டு சின்ன அறை. காலையில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவேன், பலகையைத் துடைப்பேன், பிளாஸ்கில் டீ நிரப்புவேன், பென்சில் சீவுவேன். ஒரு வகுப்புக்கு ஒன்பது பேர். எல்லோரும் மனநல ஆலோசகர்கள், நிறையப் படித்தவர்கள். ஆனாலும் ஒருவர் எதிரில் உட்கார்ந்து "எனக்குச் சாகணும்போல இருக்கு" என்று சொன்னால் என்ன செய்வது என்று அவர்களில் பலருக்குத் தெரியாதாம். அதைக் கற்றுக்கொள்ளத்தான் ஐந்து நாள் வருகிறார்கள். நடத்துகிற மேடம் சொன்னார்: "டிகிரி வாங்கினப்ப நடுங்காத கை எல்லாம் இங்க வந்துதாம்மா நடுங்கும்."

சித்தியிடம் ஆபீஸ் வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

சூடாகச் சாப்பிடு.

உன் தங்கை


ஜனவரி 21

வாயாடி அம்மையார் அவர்களுக்கு,

அடியேன் உயிரோடும் இருமலோடும் இருக்கிறேன். உனக்கு வேலை என்றதும் தாடிக்கு (என் அறைக்கூட்டாளி, பனியில் பாதி வெள்ளையாகும் தாடி, மற்றபடி நல்ல மனுஷன்) டீ வாங்கிக் கொடுத்தேன். "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சொல்வாங்க, உன் தங்கச்சி ஆபீஸைக் கெடுக்காம இருந்தா சரி" என்றான்.

என் ஆபீஸைக் கேள். மைனஸ் பதினெட்டு டிகிரி. நாற்பது நிமிடம் உள்ளே பெட்டி அடுக்க வேண்டும், கால் மணி நேரம் வெளியே வந்து கை கால் உதற வேண்டும், மறுபடி உள்ளே. பேசினால் வார்த்தை புகையாகப் போகிறது. அதனால் யாரும் பேசுவதில்லை. உனக்குப் பொருத்தமான இடம். மாற்றிக்கொள்ளலாமா?

ஒன்று மட்டும். அந்த மாதிரி வார்த்தையெல்லாம் கடிதத்தில் எழுதாதே. பலகையைத் துடை, டீ கொடு, காதைப் பொத்திக்கொள்.

சித்தி மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்துவிடு.

அண்ணன்


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்து, நானும் சித்தியும் சிரித்தோம். எண்ணெய் தேய்த்துவிடுகிறேன்.

திட்டாமல் படி. இங்கே பாடம் நடத்தியதும் நடித்துப் பார்ப்பார்கள். ஆலோசனைக்கு வருகிறவராக நடிக்க ஓர் அக்கா இருக்கிறார். ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், அவர் அந்த ஆளாக உட்காருவார், மாணவர் பேசுவார். முடிந்ததும் மற்றவர்கள் அட்டை தூக்க வேண்டும். பச்சை என்றால் இப்போதைக்குப் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் தனியாக விடக்கூடாது. திங்கட்கிழமை அந்த அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மேடம் என்னைப் பார்த்தார். "எனக்குப் பேச வராது மேடம்" என்றேன். "வர்றவங்களுக்கும் வராதும்மா, வந்து உக்காரு" என்றார்.

சீட்டில் இருந்தது: வயது முப்பத்தெட்டு, கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், மூன்று வாரமாகத் தூக்கமில்லை.

எதிரில் உயரமான ஒருவர். நான் பேசாமல் இருந்ததால் அவரே பேசிக்கொண்டு போனார். நடைப்பயிற்சி நல்லது என்றார், பாட்டுக் கேட்கலாம் என்றார். நான் கீழே பார்த்தேன். என் கை முழங்கால் மேல் துணியை மடித்து மடித்து நகத்தால் நீவிக்கொண்டிருந்தது. நான் அப்படிச் செய்வதே இல்லை. பிறகு என் வாயிலிருந்து, "பிள்ளைங்க பெருசாயிட்டாங்க. இனிமே அவங்களே பாத்துப்பாங்க" என்று வந்தது. குரலும் என்னுடையது இல்லை.

ஆறு சிவப்பு, இரண்டு மஞ்சள். உயரமானவர் அழுதுவிட்டார்.

முடிந்ததும் வேறு நாற்காலிக்கு மாறி, நான் யார், இன்று என்ன கிழமை, வீட்டுக்குப் போய் என்ன செய்வேன் என்று சொல்லச் சொன்னார் மேடம். வேஷத்தைக் கழற்றிவைக்கிற முறையாம். சொன்னேன். ஆனால் படியிறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா இடது காலைத் தேய்த்து நடப்பாளே, அது. திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில்தான் கவனித்தேன், தேய்த்து நடந்தது நான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 20

தங்கைக்கு,

அம்மாவை அங்கே கொண்டுபோகாதே. தெரியாத ஒன்பது பேர் அட்டை தூக்கிப் பார்ப்பதற்கு அம்மா என்ன பரீட்சையா?

அம்மாவுக்கு வந்தது நெஞ்சுவலி. அதை மறந்துவிட்டாயா?

நான் நலம்.

அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலம் என்று எழுதியிருந்த வரியில் பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது. மன்னித்துவிடு. இனி அம்மாவைக் கொண்டுபோக மாட்டேன். சத்தியம்.

ஆனால் நாற்காலியில் இன்னும் உட்காருகிறேன். அந்த அக்கா ஊர் மாறிப் போய்விட்டார், என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். உனக்குச் சிரிப்பு வர ஒன்று சொல்கிறேன். எவ்வளவு சுற்றி வளைத்தாலும் கடைசியில் அந்தக் கேள்வியை நேராகக் கேட்டாக வேண்டும் என்பது இங்கே விதி. யாருக்கும் வாய் வராது. போன வாரம் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து, "வேற ஏதாவது... அந்த மாதிரி... யோசனை?" என்றார்.

"எந்த மாதிரி?" என்றார் மேடம். "சினிமாவுக்குப் போற மாதிரியா, முடி வெட்டிக்கிற மாதிரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "கேட்டா அந்த நெனப்பு வந்துடுமோன்னு பயப்படுறீங்க. நெனப்பு ஏற்கெனவே அங்க தனியா உக்காந்திருக்கு. நீங்க கேட்டீங்கன்னா அதுக்குப் பக்கத்துல ஓர் ஆள் வந்து உக்காருது. அவ்வளவுதான்."

மேடம் போன பிறகும் பலகையைத் துடைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

இதற்கு மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே.

உன் இருமலைப் பற்றி நீ எழுதவே இல்லை.

உன் தங்கை


மார்ச் 28

அண்ணனுக்கு,

என் கடிதம் வந்ததா? கோபமா? சித்தி தினமும் தபால்காரரை முறைக்கிறாள். இரண்டு வரி போதும். தாடியையாவது எழுதச் சொல்.

உன் தங்கை


ஏப்ரல் 14

என் வாயாடிக்கு,

கோபமெல்லாம் இல்லையம்மா. அன்று அப்படி எழுதியிருக்கக்கூடாது. நீ ஒரு தப்பும் செய்யவில்லை, எதிலும். இதை ஞாபகம் வைத்துக்கொள்.

நடுவில் இரண்டு நாள் காய்ச்சல். திரும்பிப் போனால் என் கையுறையை வேறொருவன் போட்டுக்கொண்டிருந்தான். என் வரிசையை என்னைவிட அழகாக அடுக்கியிருந்தான். ஓர் ஆளுடைய இடம் எவ்வளவு சீக்கிரம் நிரம்பிவிடுகிறது என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூக்கம் வருவதில்லை என்று சொல்ல முடியாது. அது வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது, நான்தான் எழுந்து உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் கவலைப்படாதே, போன வாரத்திலிருந்து மனசு லேசாகிவிட்டது. ரொம்ப நாள் சுமந்த பெட்டியை எங்கே இறக்குவது என்று தெரிந்துவிட்ட மாதிரி.

ஒரு பார்சல் அனுப்புகிறேன். என் கடிகாரம், ரேடியோ, கம்பளிச் சட்டை. எனக்கு இனி தேவைப்படாது. சைக்கிளைத் தாடிக்குக் கொடுத்துவிட்டேன். சித்தியை நல்லபடி பார்த்துக்கொள். உனக்குப் பேச வராது என்று யார் சொன்னாலும் நம்பாதே.

அண்ணன்


ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்சலும் கடிதமும் நேற்று ஒன்றாக வந்தன. எத்தனை நாள் கழித்து இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறாய்! மனசு லேசாகிவிட்டது என்று படித்ததும் எனக்கும் லேசாகிவிட்டது. கம்பளிச் சட்டை முழங்கால்வரை வருகிறது. "மூட்டைக்குள்ள எலி மாதிரி இருக்கே" என்கிறாள் சித்தி. ஆனால் அங்கே குளிருக்கு நீ என்ன போட்டுக்கொள்வாய்? புதிது வாங்கிவிட்டாயா?

காலையிலிருந்து பஸ்ஸில் உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன், மனப்பாடமே ஆகிவிட்டது. நாளைக்குப் புது வகுப்பு. சீட்டில் இந்த முறை ஓர் ஆண்பிள்ளை, வெளியூரில் தனியாக வேலை செய்கிறவர். ஆண்பிள்ளை மாதிரி பேச எனக்கு எப்படி வரும் என்று பயமாக இருக்கிறது.

நன்றாகத் தூங்கு.

உன் தங்கை


ஏப்ரல் 24, பகல்

அண்ணா,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கு வாய் வரும் என்று மேடத்திடம் சொன்னேன். காகிதம் கொடுத்தார்.

இன்று காலை நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரில் சின்ன உருவமாக ஒரு பெண், கையில் பேனா. "எப்படித் தூங்குறீங்க?" என்று கேட்டாள். தூக்கம் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது என்றேன். "வேலைக்குப் போறீங்களா?" என் இடம் நிரம்பிவிட்டது என்றேன். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. கடிகாரத்தைக் கொடுத்துவிட்டேன், சைக்கிளைக் கொடுத்துவிட்டேன், மனசு லேசாக இருக்கிறது. நன்றாகச் செய்கிறேன் என்று உள்ளுக்குள் பெருமைகூட வந்தது, அண்ணா.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்களா?" என்று நேராகக் கேட்டாள். முதல் தடவை கேட்டால் மறுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. நான் "ஆமா" என்றேன். உன் குரலில் வந்தது.

அட்டை தூக்கினார்கள். எட்டும் சிவப்பு. எதிரில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணும் குனிந்து பையிலிருந்து தன் அட்டையை எடுத்துத் தூக்கினாள். ஒன்பது பேரும் சிவப்பு. இதுவரை இந்த அறையில் அப்படி ஆனதில்லை. "இவரை இன்னைக்குத் தனியா வீட்டுக்கு அனுப்பவே கூடாது" என்றார் ஒருவர்.

மேடம் என்னை நாற்காலி மாற்றி உட்காரவைத்தார். "நீ யாரும்மா?" என்றார். எனக்குச் சொல்ல வரவில்லை. "சைக்கிள் விஷயம் சீட்டுல இல்லையே, எங்கிருந்து வந்துச்சு?" என்றார்.

"எங்கண்ணன் எழுதினது" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

நான் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன். உன் வாசனை வந்தது.

உன் எண்ணுக்குப் போட்டோம், தாடி எடுத்தார். கைபேசியையும் அவரிடமே கொடுத்துவிட்டாயாமே. நீ கிடங்குக்குள் இருக்கிறாய், பத்து நிமிடத்தில் வெளியே வருவாய் என்றார். உன்னை விட்டு ஓர் அடி நகரக்கூடாது, அறையில் தனியாக விடக்கூடாது என்று மேடம் அவருக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பிறகு என்னிடம், "நான் கேக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். நீ அவரிடம் ஜோக்கடித்துவிட்டு வைத்துவிடுவாய்.

நான் படிக்கப்போவது இதுதான்:

அண்ணா, நான்தான். வைத்துவிடாதே. நீ செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா? நான் பயப்படமாட்டேன். திட்டமாட்டேன். ஆமாம் என்றாலும் போனை வைக்கமாட்டேன்.

சிரித்தால் மறுபடி முதலிலிருந்து படிப்பேன்.

மறுமுனையில் மணி அடிக்கிறது. எடுத்துவிட்டார்கள்.


மே 13

என் தங்கைக்கு,

இருமல் குறைந்திருக்கிறது. இதைப் பொய்யில்லாமல் எழுதுகிறேன். நீயும் சித்தியும் எப்படி இருக்கிறீர்கள்?

வாரத்துக்கு இரண்டு நாள் மருத்துவரிடம் போகிறேன். மாத்திரை தருகிறார், பேசவும் சொல்கிறார். தாடி அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறான். குளிக்கப் போனாலும் வெளியே நின்று பாடுகிறான். அவன் பாட்டுக்கு முன்னால் எந்த நோயும் நிற்காது. சைக்கிளைத் திருப்பித் தந்துவிட்டான், பின் சக்கரத்தை வளைத்து.

அன்று இமையில் பனியோடு வெளியே வந்தேன். தாடி போனைக் கையில் திணித்தான். சத்தமே இல்லை. உன் மூச்சு எனக்குத் தெரியும். பிறகு பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் அதைக் கேட்டாய். நான் சிரித்தேன். "சிரிச்சுட்டே, திரும்பப் படிக்கிறேன்" என்றாய். இரண்டாவது தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஆமாம் என்ற பிறகு நீ ஒன்றும் சொல்லாமல் முக்கால் மணி நேரம் போனில் இருந்தாய். என் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு அதுதான்.

இனி நான் சொல்ல வேண்டியது. அம்மா போய்ச்சேர்ந்த அன்று காலை என்னைப் போனில் கூப்பிட்டாள். "சாப்ட்டியா?" என்றாள். பிறகு, "நான் இல்லாட்டியும் நீங்க சமாளிச்சுப்பீங்க" என்றாள். நான் பெட்டி அடுக்கிக்கொண்டே, "எங்கம்மா கிளம்பிட்டே, டிக்கெட் யார் எடுத்துக் குடுத்தா?" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு முன்னால் அறைக்கு வந்து உட்கார்ந்திருக்கும், இரண்டு வருஷமாக. நெஞ்சுவலி என்று எல்லோருக்கும் சொன்னது நான். கதவைத் திறந்து பார்த்தவள் நீ. உன்னிடமே அதைச் சொன்னேன். நீயும் "ம்" என்றாய்.

அப்போது உனக்குப் பதினைந்து வயது. மறு வாரமே பள்ளிக்குப் போவதை நிறுத்தினாய். ஏன் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இந்த மூன்று மாதத்தில் எத்தனையோ பேர் உன் எதிரில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் சீட்டில் இருந்தவரைக் கேட்டார்கள். உன்னை யாராவது கேட்டார்களா? நான் கேட்கிறேன். நீ செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா?

உடனே போனில் கேட்டிருக்க வேண்டியது. உனக்கு எழுதினால்தான் வாய் வரும் என்பதால் எழுதுகிறேன். பதிலை எழுதிவைத்துக்கொள். இது உன் கைக்கு வரும்போது உன் பக்கத்திலேயே இருக்கும்படி சித்தியை இன்றே கூப்பிட்டுச் சொல்வேன். இது கிடைத்ததும் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு உன்னைக் கூப்பிடுவேன்.

வைக்கமாட்டேன்.

அண்ணன்


மே 21

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம் என்று இந்த முறை ஆரம்பிக்க முடியவில்லை. சித்தி சுகம்.

நேற்று குழாயடியில் உன் கடிதத்தைச் சித்தியிடம் படித்துக் காட்டினேன். நெஞ்சுவலி இல்லை என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். "எனக்குத் தெரியும்டி" என்றாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது, இரண்டு பேரும் குழாயை மூடவில்லை. அவளுக்கும் தெரியும், உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்துவைத்திருந்தோம்.

உன் கேள்விக்குப் பதில், ஆமாம்.

தினமும் இல்லை. நாற்காலியில் அம்மாவாக உட்கார்ந்த நாட்களில் வரும், சத்தியம் செய்த பிறகும் சில நாள் அப்படி உட்கார்ந்தேன். வேறு நாற்காலிக்கு மாறி, நான் யார், இன்று என்ன கிழமை என்று சரியாகச் சொல்வேன். எல்லோரும் போன பிறகு மறுபடி பழைய நாற்காலியில் போய் உட்காருவேன். அங்கே உட்கார்ந்தால் அம்மா பக்கத்தில் இருப்பது போலிருக்கும். எழுந்து வர மனசு வராது. மார்ச்சில் நான் அடித்த வரி இதுதான்.

பயப்படாதே. நேற்று ராத்திரி முழுக்கச் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். இன்று காலை இங்கே கொண்டுவந்து விட்டவளும் அவள்தான். கீழே கண்ணாடிக் கடை வாசலில் நிற்கிறாள், நான் மேடத்திடம் சொல்லிவிட்டேன் என்று சைகை காட்டினால்தான் போவாளாம்.

சாவி என்னிடம் இருக்கிறது. இன்னும் கதவைத் திறக்கவில்லை. வாசலில் நின்று இதை எழுதுகிறேன். மேடம் மூச்சு வாங்க மாடியேறி வருகிறார். "என்னம்மா, உள்ள போகாம வெளியவே நிக்கிறே?" என்று கேட்கிறார்.

பதில் சொல்லப்போகிறேன்.

உன் தங்கை